பர்மா வழிநடையும் ஒரு பத்திரிகையாளர் சான்றும்

குமரி மாவட்டத்துக் கீரிப்பாறையை அடுத்த அரசு இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் தொழிலாளருள், 1964 அக்டோபர் 30-ஆம் நாள் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி இலங்கையினின்று தாயகம் திரும்பிய குடும்பத்தார் உளர். பழவிளை, பெருமாள்புரம் முதலிய இடங்களில் ஈழப்போருக்குத் தப்பி வந்தோர்க்கு அமைத்த முகாம்கள் உள்ளன. ஆதலின் இடப்பெயர்ச்சி வரலாறு நாஞ்சில் நாட்டு ஆய்வாளர்க்கு அணித்தே உள்ள பொருளாம். எனினும், போரினால் வீடிழந்து நடந்தோர் கதையைத் தமிழ் உரைநடையில் நேர்ச்சான்றாக எழுதியவர் யாவர் என வினவின், நாம் 1942-ஆம் ஆண்டுப் பர்மாவுக்கே முதலிற் செல்லுதல் வேண்டும். அங்குக் கிடைப்பது வெ. சாமிநாத சர்மாவின் ‘எனது பர்மா வழி நடைப் பயணம்’ என்னும் நூல்.

சொல்லைப் பற்றி ஒன்று கூறி மேற்செல்வோம். ‘அகதி’ என்பது கதியற்றவர் எனப் பொருள்படும் வடசொல். அதற்கு ஈடாக இன்று ஈழத்தார் வழங்கும் ‘ஏதிலி’ என்பதன் பழைய உறவாகிய ‘ஏதிலார்’, குறளில் அயலாரையே குறிக்கும். அயலாரைக் குறித்த சொல் புகலற்றவரைக் குறிக்கலாயிற்று. ஓர் ஊரார் புதிதாய் வந்தோரை எக்கண் கொண்டு நோக்கினர் என்பதற்கும் இம்மாற்றம் சான்றாகலாம். அது தனி ஆய்வுக்குரியது.

சர்மா 1895-இல் பிறந்து 1978-இல் மறைந்தவர். திரு.வி.க.வின் ‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ ஆகிய இதழ்களில் பயின்று, பின் இரங்கூன் சென்று, 1937 முதல் 1942 வரை அங்கு ‘ஜோதி’ என்னும் திங்களிதழை நடத்தினார். அவர் எழுதிய நூல்களுள் ‘ஸ்பெயின் குழப்பம்’, ‘பாலஸ்தீனம்’ என்பனவும் உண்டு. தமிழ்நாட்டுச் சிற்றூரில் இருந்தோர்க்கு உலகப் போர்க்களங்களை விளக்கிய பெருமை அவருடையது. ஆயின் அவை படித்தறிந்து எழுதியவை. தாமே போரில் அகப்பட்ட பொழுதோ அவர் கையில் இதழ் இல்லை; ‘ஜோதி’ 1942-இல் நின்றது.

இரங்கூன் அந்நாளில் பாதிக்கு மேல் இந்திய நகரம். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதன் மக்கள் ஏறத்தாழ 4,00,000. அவருள் 2,12,000-க்கு மேற்பட்டோர் இந்தியர். பர்மா முழுதும் இந்தியர் 10 லட்சத்துக்கு மேல். துறைமுகத்திற் சுமை தூக்கியோரும், நகரைத் துப்புரவு செய்தோரும், நெல் ஆலைகளில் உழைத்தோரும், வட்டித்தொழில் செய்த நகரத்தாரும் இதில் அடங்குவர். 1941 டிசம்பர் 23-லும் 25-லும் சப்பானியர் குண்டு வீசினர். 1942 மார்ச் 8-இல் நகரம் அவர் கைப்பட்டது. கப்பலில் இடம் சிலர்க்கே வாய்த்தது. ஏனையோர் நடந்தனர்.

வழிகள் மூன்று எனலாம். ஒன்று தவுங்குப் கணவாய் கடந்து அரக்கான் கரைக்குச் செல்வது. வாந்திபேதி அவ்வழியிற் பலரைக் கொன்றது. மற்றொன்று மாந்தளை, மொனியுவா வழியே சிந்துவின் ஆற்றைப் பற்றிச் சென்று, கலேவா, தமு கடந்து மணிப்பூரை அடைவது. மூன்றாவதாகிய ஊக்கவுங் பள்ளத்தாக்கு வழியே, மழைக்காலத்தில் அகப்பட்டோர்க்கு மிகக் கொடியதாயிற்று. நடந்தோர் 4 முதல் 5 லட்சம் என்றும், இறந்தோர் 10,000 முதல் 50,000 வரை என்றும் மதிப்பிடுவர். மிகுத்துக் கூறுவாரும் உளர். கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் உள்ள வேறுபாடே, இம்மக்களை எவரும் எண்ணவில்லை என்பதைக் காட்டும். வெள்ளையர்க்கு ஒரு வழியும் இந்தியர்க்கு வேறொரு வழியும் ஒதுக்கப்பட்டமையைக் காந்தியடிகள் 1942-இல் ‘அரிசன்’ இதழிற் கண்டித்தார்.

சர்மா தம் துணைவியார் மங்களத்துடன் மணிப்பூர் வழியே வந்து சேர்ந்தார். இங்கு நாம் நோக்கத்தக்கது காலம். இந்தியப் பத்திரிகைகள் அப்பொழுது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் இருந்தன; போர்ச்செய்தி தணிக்கைக்கு உட்பட்டது. உடனே அச்சேற வேண்டிய ஒரு பத்திரிகையாளரின் செய்தி, பல்லாண்டு கழித்தே நூலாயிற்று. ஆதலின் அது செய்தியும் அன்று, நாட்குறிப்பும் அன்று, நினைவு. நினைவைச் சான்றாகக் கொள்ளலாமோ என ஐயுறுவார் உளர். நாளும் இடமும் பிறழாது குறித்தல் பத்திரிகைத் தொழில் தந்த பழக்கம். ஆகவே வழியும் நிகழ்ச்சி வரிசையும் பற்றி அவர் கூற்றை அரசு ஆவணத்தோடு ஒப்பிட்டுக் கொள்வதிற் பிழையில்லை என்பது நம் கருத்து. அரசு ஆவணம் முகாமிற் பதிவு செய்தவரையே அறியும். பதிவின்றி வழியில் வீழ்ந்தவரை அறிய, உடன் நடந்தவர் எழுத்தே வேண்டும்.

குறையும் உண்டு. சர்மா கற்றவர், இதழாசிரியர், பலர் அறிந்தவர். அவர்க்கு வழியிற் கிடைத்த உதவி துறைமுகக் கூலிக்குக் கிடைத்திராது. தெலுங்கரும் ஒடியரும் தமிழருமாகிய அக்கூலிமக்கள் நடையைத் தாமே எழுதிவைத்த நூல் ஒன்றும் நம் கைக்கு எட்டவில்லை. தமிழ்நாட்டுப் பொதுமக்கள் இரங்கூன் ஓட்டத்தை அறிந்தது பெரும்பாலும் 1952-இல் வந்த ‘பராசக்தி’ திரைப்படத்தின் வாயிலாகவே எனின் மிகையாகாது. ஆங்கிலத்தில் இயூ திங்கர் 1975-இல் எழுதிய கட்டுரையும் தன் தலைப்பிலேயே இதனை மறக்கப்பட்ட நெடுநடை என்றது. தமிழ்த்துறைகள் இந்நூலைப் பயண இலக்கியம் என்று ஒரு வரியில் வகைப்படுத்தி அமைந்தது நமக்கு உடன்பாடன்று. பயணி திரும்ப வீடுடையவன். இரங்கூன் விட்டு நடந்தோர் அனைவரும் அத்தகையர் அல்லர்.

கீரிப்பாறைக்கு மீள்வோம். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கிப் பின் இத்தோட்டங்களுக்கு வந்தோருள், அன்று இருபது வயதினராய் இருந்தவர் இன்று எழுபதைக் கடந்திருப்பர். பட்ட வகுப்பு மாணவர் இவர்பாற் செல்லும்பொழுது, வாழ்க்கை வரலாறு கேட்பதோடு அமையாது, புறப்பட்ட நாள், தங்கிய இடம், எடுத்து வந்த பொருள், விட்டு வந்தவர் பெயர் என்பவற்றையும் முறையே குறித்துக்கொள்ளுதல் நன்று. சர்மா போன்ற ஓர் இதழாசிரியர் இவருடன் வந்திலர்.