220உம் 284உம்: பக்தாதிலிருந்து வந்த ஒரு கணக்கு

220ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை, 220ஐ மட்டும் விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள்: 1, 2, 4, 5, 10, 11, 20, 22, 44, 55, 110. கூட்டுத்தொகை 284. 284க்கும் அப்படியே செய்யுங்கள்: 1, 2, 4, 71, 142. வருவது 220. இத்தகைய சோடியை நட்பு எண்கள் என்பார்கள். கிரேக்கர் அறிந்திருந்தது இந்த ஒரு சோடியைத்தான். காதல் தாயத்துகளில் இவ்விரு எண்களையும் எழுதும் வழக்கத்தை இப்னு கல்தூன் முகத்திமாவில் குறிப்பிடுகிறார். தாயத்துக் கதை எங்கட ஆக்களுக்குச் சுவைதான்; எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

சோடிகளைத் தேடிப் பிடிக்க முதன்முதலில் ஒரு விதி தந்தவர் தாபித் இப்னு குர்ரா. விதியை ஆண்டு 8 பிள்ளையும் செய்து பார்க்கலாம். 2, 4, 8, 16 என்ற வரிசையில் 4ஐ எடுங்கள். அதன் மும்மடங்கு 12, அதற்கு முந்திய 2இன் மும்மடங்கு 6, இரண்டின் பெருக்கம் 72. மூன்றிலும் ஒன்றைக் கழித்தால் 11, 5, 71. மூன்றும் முதன்மை எண்களாக இருந்தால் வேலை முடிந்தது: 4×5×11=220, 4×71=284. 8ஐ எடுத்தால் 11, 23, 287 வரும். 287 என்பது 7×41, ஆகவே சரிவராது. 16இல் 23, 47, 1151. மூன்றும் முதன்மை எண்கள். கிடைக்கும் சோடி 17296, 18416.

இந்தச் சோடியை மேற்கத்திய நூல்கள் நெடுங்காலம் ஃபெர்மாவின் பெயரில் (1636) எழுதி வந்தன. ஆனால் 1319 அளவில் மறைந்த கமாலுத்தீன் அல்-ஃபாரிஸி, தாபித்தின் விதிக்குப் புதிய நிரூபணம் எழுதியபோதே இதைக் கணித்துக் காட்டிவிட்டார். டேகார்ட்டின் பெயரில் (1638) வழங்கும் 9363584, 9437056 என்ற சோடியும் ஈரானின் முஹம்மத் பாகிர் யஸ்தியிடம் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது நம்மவர்கள் தாபித்தையும் "முஸ்லிம் விஞ்ஞானி" பட்டியலில் சேர்த்துவிடுவாங்க. அது பிழை. அவர் ஹர்ரான் ஊர் ஸாபிஈ, தாய்மொழி சுரியானி, நாணயமாற்றுத் தொழில் செய்தவர். அவருடைய திறமையைக் கண்டு பக்தாதுக்குக் கூட்டி வந்தவர் பனூ மூஸா சகோதரர்களில் ஒருவரான முஹம்மத். ஹிஜ்ரி 288இல் (901) இறக்கும்வரை தாபித் தன் மதத்திலேயே இருந்தார். அப்படிப்பட்டவருக்கு இடம் கொடுத்த பக்தாதைப் பற்றிப் பெருமைப்படலாம். அவருடைய மதத்தை மாற்றி எழுதிப் பெறும் பெருமை நமக்கு எதற்கு?

விதிக்கு எல்லையும் உண்டு. 1184, 1210 என்ற சிறிய சோடி அதற்குள் அகப்படாது. அதை 1866இல் கண்டுபிடித்தவர் பகனினி என்ற 16 வயது இத்தாலியப் பையன்.