வேலூர் – ஆம்பூர்ப் பகுதியும் எச்.ஐ.வி. தொற்றுள்ள பெற்றோரற்ற சிறாரின் பராமரிப்பும்: ஒரு வரலாற்று நோக்கு (1986–2018)

ஆய்வுச் சுருக்கம்

பெற்றோரை எய்ட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்துத் தாமும் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளான சிறாரின் பராமரிப்பு, மருந்து, சட்டம், மனநலம் ஆகிய தளங்களில் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்தது. வேலூர் – ஆம்பூர்த் தோல் தொழிற்பகுதியைப் பின்புலமாகக் கொண்டு, உறவினரின் பங்களிப்பு சட்டத்தில் பெற்ற இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: எச்.ஐ.வி., வளர்ப்புப் பராமரிப்பு, உறவுவழிப் பராமரிப்பு, மனக்காயம், வேலூர், ஆம்பூர்

முன்னுரை

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்ட வரலாற்றில் வேலூருக்கு நேரடிப் பங்குண்டு. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகள், இரயில்வழி காட்பாடிக்குக் கொண்டுவரப்பட்டு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. ஆயினும் தொற்றுள்ள குழந்தைகளுக்கென அரசு மருந்துத் திட்டம் உருவாக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அவ்விடைவெளியில் அக்குழந்தைகளைப் பேணியோர் யார் என்பதே இக்கட்டுரையின் வினா.

மருந்துக்கு முற்பட்ட காலம்

மருத்துவம் பெறாத நிலையில், தொற்றுக்கு ஆளான குழந்தைகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் ஓராண்டுக்குள்ளும், பாதிப்பேர் ஈராண்டுக்குள்ளும் இறந்தனர் என ஆப்பிரிக்க ஆய்வுகள் காட்டின. பிழைத்தோர் தந்தை, தாய் என அடுத்தடுத்த இறப்புகளைக் கண்டபின் தம் நோயையும் எதிர்கொண்டனர்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலையும் காலணித் தொழிலையும் சார்ந்தவை. காலணித் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர் மிகுதி. இத்தகைய குடும்பத்தில் தாய் நோயுற்றால் வருவாயும் பராமரிப்பும் ஒருசேர அறும். இந்தியாவெங்கும் போலவே, அவ்விடத்தைப் பெரிதும் நிரப்பியவர்கள் பாட்டிமாரே. அவர்கள் தம் மகனையோ மகளையோ அடக்கம் செய்த துயரோடு பேரக்குழந்தையின் நோயையும் சுமந்தனர்.

மருந்தும் சட்டமும்

2004 ஏப்ரல் 1இல் அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதன் முதல் மையங்களுள் ஒன்று. குழந்தைகளுக்குரிய தனித்திட்டம் 2006 நவம்பர் 30இல்தான் வந்தது. அதற்குமுன் பெரியவர்களின் மாத்திரைகளை உடைத்துக் கொடுக்கும் நிலையே இருந்தது. மருந்து வந்தபின் ‘இறக்கும் குழந்தை’ நெடுங்காலம் வாழவேண்டிய குழந்தையானது. அதனால் அடைக்கலம் தருவதோடு முடிந்த பராமரிப்பு, ஆண்டுக்கணக்கில் நீளும் பொறுப்பாயிற்று.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இருவேறு வழிகளை வகுத்தது. பிரிவு 44 கூறும் வளர்ப்புப் பராமரிப்பு, குழந்தையின் பெற்றோர் இல்லாத, தகுதி கண்டு தெரிவுசெய்யப்பட்ட குடும்பத்தை நோக்கியது. பிரிவு 45 கூறும் நிதி ஆதரவு, உறவினரோடு வாழும் பெற்றோரற்ற சிறாரையும், உயிருக்கு ஆபத்தான நோயுற்ற பெற்றோரின் சிறாரையும் உள்ளடக்கியது. ஆகவே பாட்டி பெரும்பாலும் உதவித்தொகைக்குரியவராகவே சட்டத்தில் இடம்பெற்றார். பயிற்சியும் கண்காணிப்பும் பெறவேண்டிய பராமரிப்பாளராக அவர் கருதப்படவில்லை.

2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் (2017) இவ்விடத்தில் ஒரு படி முன்சென்றது. குடும்பப் பொறுப்பை ஏற்கும் முதிர்ச்சியுடைய 12 முதல் 18 வயதுக்குட்பட்ட மூத்த உடன்பிறப்பை இளையவரின் காப்பாளராக அது ஏற்றது. நடைமுறையில் முன்பே சிறார் சுமந்த பொறுப்புக்குக் கிடைத்த சட்ட ஏற்பு இது. குழந்தையின் தோளில் ஏறிய சுமையையும் இதுவே காட்டுகிறது.

சொல்லப்படாத நோய்

நாள்தோறும் மாத்திரை உண்ணும் குழந்தை அதன் காரணத்தைக் கேட்கும். விடை சொன்னால் பெற்றோரின் இறப்புக் காரணமும் வெளிப்படும். பள்ளியிலும் தெருவிலும் ஒதுக்கப்படும் அச்சமும் எழும். இதனால் மௌனமே காப்பாகக் கருதப்பட்டது. பள்ளிப் பருவக் குழந்தைக்கு அதன் நோய்நிலையை உரைக்கவேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் பரிந்துரைத்தது. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே உடல், உள்ளம், குடும்பம் ஆகிய மூன்றையும் பேணவேண்டும் என்ற குழந்தைகளுக்கான வலிதணிப்பு வரையறையை அந்நிறுவனம் 1998இலேயே வகுத்திருந்தது. எனினும் அதைச் செயற்படுத்தும் உரையாடல் வீட்டில் பாட்டியிடமே விடப்பட்டது.

முடிவுரை

மருந்தின் வருகை இறப்பைத் தள்ளிவைத்தது. சட்டம் உதவிக்கு வழி வகுத்தது. இழப்பின் துயரமும் நோயின் மறைபொருளும் ஒருசேர அழுத்திய குழந்தைக்குத் துணைநின்ற உறவினரோ, பராமரிப்பாளர் என்ற தகுதியை முழுமையாகப் பெறவில்லை. நிறுவனங்களின் வரலாற்றோடு இவ்வீடுகளின் வரலாறும் வாய்மொழி ஆவணமாகத் திரட்டப்படவேண்டும். அப்பாட்டிமார் முதுமையடைந்துள்ள நிலையில் அப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.