சேற்றைக் கடந்த சில்லுகள்

கனடாவில் வாழும் நிந்தவூர் நண்பர் ஒருவர், தமது ஜீப் வாகனம் பனியில் புதைந்த கதையைத் தொலைபேசியில் சொன்னார். "நாலு சில்லும் இழுக்கிற வாகனம் எண்டு நம்பி வாங்கின நான், காக்கா. மிதிக்க மிதிக்கப் புதைஞ்சி போச்சு." இதே பாடத்தை எங்களூர்க் கடற்கரை மணலிலும் மாரிகால வயற் பாதையிலும் கற்றிருக்கலாமே என்று சிரித்தேன். பின்னர் யோசித்தபோது, அந்தப் பாடத்துக்குப் பின்னால் எங்கள் கரையோரத்தின் வரலாறு ஒன்று கிடப்பதை உணர்ந்தேன்.

பாடம் எளியது. பனியோ மணலோ சேறோ, சில்லு நிலத்தைப் பற்றினால்தான் வாகனம் நகரும். வேகமாகச் சுழலும் சில்லு தன் குழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. மணலில் டயரின் காற்றைக் குறைப்பார்கள். டயர் தட்டையாகி, பாரம் அகலமாகப் பரவும். பனியில் சங்கிலி கட்டுவார்கள். எங்கும் தாழ்ந்த கியரும் பொறுமையும் வேண்டும். நான்கு சில்லு இயக்கம் புறப்படத்தான் உதவும். வழுக்கும் பாதையில் நிறுத்த அது உதவாது.

இத்தகைய வாகனத்தை உலகறியச் செய்தது போர். 1940 செப்டெம்பரில் அமெரிக்காவின் பாண்டம் நிறுவனம் இராணுவத்துக்காக முதல் மாதிரியைக் கட்டியது. பின்னர் வில்லிஸ், போர்ட் நிறுவனங்கள் போர்க்காலத்தில் 6 இலட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்தபின் அப்படியொரு ஜீப்பை வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தமது பண்ணையில் ஓட்டிவந்தார் ரோவர் நிறுவனப் பொறியியலாளர் மொரிஸ் வில்க்ஸ். 1947இல் அங்குள்ள கடற்கரை மணலில் அவர் கோடு போட்டுக் காட்டிய உருவமே லாண்ட் ரோவர் ஆயிற்று. 1948 ஏப்ரல் 30 அன்று அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானது. உருக்குத் தட்டுப்பாட்டினால் உடலை அலுமினியக் கலவையில் அமைத்தார்கள். பண்ணை இயந்திரங்களை இயக்கவும் அதில் வசதி இருந்தது. அது கமக்காரனுக்காகப் பிறந்த வாகனம் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

அதே 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. மறு ஆண்டு கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழுந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. மேற்கே வட்டை வட்டையாக விரியும் நிந்தவூர் வயல்களுக்கு நீர் வந்தது. கூடவே அதிகாரிகளும் வந்தார்கள். கமக்காரனுக்கென்று பிறந்த வாகனம் எங்கள் பகுதியில் அதிகாரியின் வாகனமாகவே அறிமுகமாயிற்று. போடியார் சிலரைத் தவிர, வயலில் இறங்குபவன் அதன் கதவைத் திறந்ததில்லை. 1982இல் ஜப்பானில் பிறந்த பஜெரோ, 1990களில் இலங்கையில் அரசியல்வாதியின் அடையாளமாகவே மாறியது. அதன் உற்பத்தி 2021இல் நின்றுவிட்டது. அந்தப் பெயர் தந்த கசப்பு இன்னும் மறையவில்லை.

எங்கள் கரடுமுரடான பாதையை உண்மையில் கடந்தது வேறொரு இயந்திரம். கேம்பிரிட்ஜில் படித்த இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன 1950களில் வடிவமைத்த இரு சில்லு உழவு இயந்திரம், இங்கிலாந்தில் லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் தயாரானது. பிறகு எந்த நிறுவனத்தின் கை உழவு இயந்திரம் வந்தாலும் எங்கள் நாட்டில் அது 'லாண்ட்மாஸ்டர்' தான். இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டினால் சேற்றில் உழும்; டயரைப் பூட்டிப் பெட்டியைக் கொளுவினால் நெல் மூட்டை ஏற்றும், கல்யாண வீட்டுக்கு ஆள் ஏற்றும். விஜேவர்தன பிற்காலத்தில் தமது கண்டுபிடிப்பையே கேள்விக்குட்படுத்தினார். எருமை உழுவதோடு எருவும் பாலும் கன்றும் தரும், இயந்திரம் எண்ணெய் கேட்கும் என்பதே அவரது வாதத்தின் சாரம். 2010இல் காலமான அவரின் நேர்மைக்கு அதுவே சான்று.

போர்க்காலத்தில் பாதை என்பதன் பொருள் மாறியது. சேற்றுக்கு அஞ்சியவர்கள் நிலக்கண்ணிக்கு அஞ்சத் தொடங்கினார்கள். தென்னாபிரிக்காவின் பஃபலும் அதைத் தழுவி இலங்கை இராணுவம் கட்டிய யூனிகோனும் உயர்ந்த சில்லுகளோடு வீதியில் ஓடின. உட்புற வயல்களுக்குப் போக முடியாத கிழக்கிலங்கை முஸ்லிம் விவசாயிகள் பலர் போகம் போகமாகப் பூமியை இழந்தார்கள். அந்தப் பாதையைக் கடக்க எந்தக் கியரும் உதவவில்லை.

2004 டிசெம்பர் 26 அன்று கடல் வந்தது. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. அறுகம்பைப் பாலம் சேதமுற, அப்பாலுள்ள கிராமங்கள் துண்டிக்கப்பட்டன. சில நாட்களில் வெள்ளை நிற நான்கு சில்லு வாகனங்கள் வரிசையாக வந்தன. அவை கொண்டுவந்த உதவியை மறுப்பது நன்றிகேடு. ஆனால் அவை வருமுன்னரே, இடிபாடும் மணலும் மூடிய ஒழுங்கைகளுக்குள் நுழைந்து காயப்பட்டோரையும் மையித்துகளையும் ஏற்றிவந்தவை வயலிலிருந்து வந்த உழவு இயந்திரப் பெட்டிகள். யாருடைய மையித்து என்று பார்த்து எவரும் ஏற்றவில்லை. முஸ்லிமும் தமிழரும் ஒரே பெட்டியில் கிடந்தார்கள்.

உதவி வாகனங்கள் பின்னர் போய்விட்டன. பிரதான வீதி இன்று வழுவழுப்பாக ஓடுகிறது. மாரியில் வட்டைப் பாதைகள் சேறாவது மட்டும் மாறவில்லை. பெரும்போகத்துக்கு விதைப்பவன் அதே இயந்திரத்தை, அதே தாழ்ந்த கியரில், பொறுமையாக ஓட்டிப் போகிறான்.

நண்பரிடம் சொன்னேன்: "அடுத்த முறை புதைந்தால் மிதிக்காதே. உன் வாப்பா லாண்ட்மாஸ்டர் ஓட்டினதை நினைத்துக்கொள்." மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தப் பெட்டியிலதான் காக்கா, எங்கட உம்மாவையும் கொண்டு வந்த" என்றார்.