நத்தை வந்த வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், வீட்டுக் கொல்லையில் அவரைத் தளிரைத் தின்று தீர்க்கும் நத்தைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதிலும் ஆண்டும் ஊரும் ஆட்பெயரும் இடம்பெறுகின்றன. அவ்வரலாற்றையும், நத்தையைப் பிடிக்க நாமே செய்துகொள்ளக்கூடிய ஓர் எளிய பொறியையும் பற்றி இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

மழைக்காலத்தில் சுவர்களிலும் வாழை மரங்களிலும் ஊர்ந்து செல்லும் பெரிய நத்தையைப் பலர் பார்த்திருப்பீர்கள். பழுப்புக் கோடுகள் ஓடும் அதன் கூம்பு வடிவ ஓடு 20 சென்டிமீட்டர் வரை வளரக் கூடியது. ஆப்பிரிக்கப் பெருநத்தை என்பது அதன் பெயர். அது நம் நாட்டு உயிர் அன்று. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. ஒவ்வொரு நத்தையிலும் ஆண், பெண் ஆகிய இரு பால் உறுப்புகளும் இருப்பதால், இணை சேர்ந்த இரண்டுமே முட்டையிடலாம். ஒரு முறை இடும் முட்டைகள் 100 முதல் 400 வரை இருக்கும்.

அவ்வளவு தொலைவிலிருந்து அது இங்கு எவ்வாறு வந்தது? தானாக ஊர்ந்து வரவில்லை. மனிதர் கொண்டு வந்தனர். வில்லியம் ஹென்றி பென்சன் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பணியில் இருந்தவர். நத்தை இனங்களை ஆராய்வதில் பெரும் புலமை பெற்றவர். அவர் 1847ஆம் ஆண்டில் மொரீஷியஸ் தீவிலிருந்து இந்நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார். அவை சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டன. 1900ஆம் ஆண்டில் இலங்கையிலும் இவ்வாறே அவை புகுத்தப்பட்டன. பென்சன் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். அறிவு மிக்க ஒருவர் ஆர்வத்தால் செய்த சிறு செயல் அது.

அவரைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் தலைமையாசிரியராக இருந்தபோது, மாணவன் ஒருவன் வெளியூரிலிருந்து இரண்டு பெருநத்தைகளைக் கொண்டு வந்தான். அவன் ஆர்வத்தை வகுப்பின் முன் பாராட்டினேன். கண்ணாடிச் சாடியில் சில நாள் வைத்து, மாணவர்கள் கண்டு முடித்தபின், உயிர்களைக் கொல்ல மனமின்றித் தோட்டத்துக் கிணற்றடியில் நானே விட்டுவிட்டேன். அடுத்த மழைக்காலத்தில் எங்கள் அவரைக் கன்றுகள் தண்டு மட்டுமாய் நின்றன. அதற்கும் அடுத்த ஆண்டில், பள்ளிச் சுவருக்கு அப்பால் கீரை பயிரிட்டு விற்றுப் பிழைத்து வந்த அம்மையார் ஒருவரின் பாத்திகளும் அழிந்தன. எங்கிருந்து வந்தன இவை என்று அவர் கேட்டபோது, நான் உண்மையைச் சொன்னேன். அன்று எனக்கு நேர்ந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

விரைவில் ஒழிக்க வழி தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தவை என்னைத் தயங்கச் செய்தன. ஹவாய்த் தீவுகளில் 1936ஆம் ஆண்டில் இந்நத்தை புகுந்தது. அதனை ஒழிக்க 1955ஆம் ஆண்டில், நத்தைகளையே தின்னும் ஊனுண்ணி நத்தை ஒன்றை அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கொண்டு வந்தனர். அதுவோ பெருநத்தையை ஒழிக்கவில்லை. அத்தீவுகளுக்கே உரிய சிறிய மர நத்தைகளைத் தின்றது. 1977ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாலினீசியாவின் மூரியா தீவில் அதே வேட்டை நத்தையை விட்டனர். சில ஆண்டுகளுக்குள் அத்தீவின் பார்ட்டுலா என்னும் மர நத்தைகள் காடுகளிலிருந்து மறைந்துபோயின. உயிர்க்காட்சிச் சாலைகளில் காக்கப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்களை 2015 முதல் பாலினீசியத் தீவுகளில் மீண்டும் விட்டு வருகின்றனர். நச்சு மருந்திலும் இடர் உண்டு. மெட்டால்டிஹைடு என்னும் நத்தைக்கொல்லி பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் கேடு செய்வதால், பிரிட்டனில் 2022ஆம் ஆண்டில் அதனை வெளியிடங்களில் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது.

எனவே நாங்கள் ஈரச் சாக்கை நாடினோம். நத்தையின் உடல் எளிதில் உலரும். ஆதலின் அது இரவில் மேய்ந்து, பகலில் ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் ஒதுங்கும். அந்த இயல்பே பொறியின் தத்துவம். மாலையில் பழைய கோணிச்சாக்கை நீரில் நனைத்து, பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் பப்பாளி இலைகளையோ முட்டைக்கோசு இலைகளையோ இட வேண்டும். விடியலில் சாக்கைப் புரட்டினால் நத்தைகள் அடியில் கூடியிருக்கும். மேலை நாடுகளில் ஓடில்லா நத்தைகளைப் பிடிக்கத் தோட்டக்காரர்கள் பாதிப் பழத்தோலைக் கவிழ்த்து வைப்பதும் இதே கருத்தில்தான்.

நத்தைகளை வெறுங்கையால் தொடலாகாது. எலியின் நுரையீரலில் வாழும் புழு ஒன்றின் இளம் பருவம் நத்தையில் வளர்கிறது. அது மனித உடலில் புகுந்தால் மூளையுறை அழற்சி நேரலாம். கையுறை அணிந்தே எடுக்க வேண்டும். பின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். எடுத்தவற்றை வாளியில் உள்ள அடர்ந்த உப்புநீரில் இட்டு, பயிர் இல்லாத இடத்தில் ஆழப் புதைக்க வேண்டும். உப்பைப் பாத்தியில் தூவுவது தவறு. மண் கெடும், செடியும் கருகும்.

முதல் நாள் ஒரு சாக்கின் அடியில் 46 நத்தைகள் இருந்தன. நாள்தோறும் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதினோம். அந்த அம்மையாரின் பாத்தி ஓரத்திலும் சாக்கு விரித்தோம். இரண்டு மழைக்காலம் உழைத்தபின் அவருடைய கீரை மீண்டும் சந்தைக்குச் சென்றது. எனினும், நத்தை முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை.

இடைவிடாத உழைப்பால் முற்றாக ஒழித்த ஊரும் உண்டு. 1966ஆம் ஆண்டில் சிறுவன் ஒருவன் ஹவாயிலிருந்து மூன்று நத்தைகளைப் புளோரிடாவின் மயாமி நகருக்குக் கொண்டு வந்தான். அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். ஏழு ஆண்டுகளில் 18,000க்கு மேற்பட்ட நத்தைகள் அகப்பட்டன. தேடியும் பொறுக்கியும் நச்சு இரை வைத்தும் 1975ஆம் ஆண்டில் அவற்றை ஒழித்தனர். அதற்கு ஆன செலவு பத்து லட்சம் டாலருக்கு மேல். ஆயினும் 2011ஆம் ஆண்டில் அதே பகுதியில் நத்தை மீண்டும் தலைகாட்டியது!

கல்கத்தாவிலும் மயாமியிலும் என் பள்ளிக் கிணற்றடியிலும் நடந்தது ஒன்றே. விடுவதற்கு ஒரு நொடி போதும். எடுப்பதற்கு ஆண்டுகள் வேண்டும். ஆதலால், வேற்றூர் உயிர் எதனையும் உங்கள் தோட்டத்தில் விடாதீர்கள். முன்னரே வந்துவிட்டதாயின், இன்று மாலையே ஒரு சாக்கை நனைத்து விரியுங்கள். நாளை விடியலில் மறவாமல் சென்று பாருங்கள்.