மேஸ்திரியும் மனிதவள அலுவலரும்

இன்று மனிதவள மேலாண்மை என வழங்கும் துறையின் இந்திய வேர், ஆலை மேஸ்திரியின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த எழுந்த தேவையில் உள்ளது. ஆளெடுப்பும் வேலைநீக்கமும் பெரும்பாலும் மேஸ்திரியின் கையிலேயே இருந்தன. வேலையைக் காத்துக்கொள்ளத் தொழிலாளர் அவருக்குக் கையூட்டு அளித்தனர்.

1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன்பின் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளரின் குறைகள், உணவு இடைவேளையின் குறுமை உட்பட, மேஸ்திரியைக் கடந்து நிருவாகத்தை எட்டின. நிருவாகமோ வாடியா முதலியோர்மீது வழக்குத் தொடுத்துத் தடையாணை பெற்றது. அத்தகைய வழக்குகளிலிருந்து சங்கத்தாருக்குக் காப்பளித்தது 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். இதற்கிடையே, 1922இல், ஆலையினுள் நலக்குழு அமைக்கப்பட்டது. சங்கத்திற்கு மாற்றாக என்றே அதனைக் கொள்ளத் தோன்றுகிறது.

1931இல் விட்லி தலைமையிலான அரச ஆணையம், ஆளெடுப்பைத் தொழிலாளர் அலுவலரிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 49ஆம் பிரிவின்வழி, 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள ஆலைகளில் தொழிலாளர் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. அவருடைய பொறுப்பு தொழிலாளர் நலம், ஊதியம் முதலாளியிடமிருந்து. இம்முரண் இன்றும் தீரவில்லை. ஒப்பந்தத் தொழிலாளரைப் பொறுத்தவரை நிலை வேறு: அவர்களுக்கெனச் சட்டம் 1970இல் வந்த பின்னரும் ஆளெடுப்பு இடைநிலையாளரிடமே உள்ளது.