கல்விக் கணக்கில் எழுதப்படும் பிள்ளைப் பராமரிப்பு: தம்பலகாமத்துப் பின்னேர வகுப்புகளை முன்வைத்து

இலங்கையில் ரியூசன் பெருகியதற்குப் பரீட்சைப் போட்டியே காரணம் என்பது நம் கல்வி ஆய்வுகளில் கேள்வியில்லாமல் கைமாறி வரும் முடிபு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வுதான் இதற்குத் தூண். அந்த ஆய்வை வைத்துப் போடப்பட்ட கணக்கின்படி, ரியூசனுக்குப் பணம் செலவிட்ட குடும்பங்கள் 1995/96இல் நான்கில் ஒன்றுக்குக் குறைவு. 2006/07இல் அந்தப் பங்கு மூன்றில் இரண்டை நெருங்கிவிட்டது. தரம் ஐந்து புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய மூன்று பரீட்சைகளின் நெருக்குதலே இந்த ஏற்றத்துக்குக் காரணம் என்று விளக்கம் தரப்பட்டது. மேல்வகுப்புகளைப் பொறுத்தவரை அந்த விளக்கத்தோடு எனக்கு வழக்கில்லை. தரம் ஒன்று முதல் நான்கு வரையான பிள்ளைகளுக்காகக் கொடுக்கப்படும் பணத்தையும் அதே கணக்கில் சேர்ப்பதைத்தான் இக்கட்டுரை மறுக்கிறது. திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமம் போன்ற ஒரு பிரதேசத்தில் அந்தப் பணத்தின் கணிசமான பகுதி படிப்புக்காகக் கொடுக்கப்படுவதன்று. தாய் வேலையால் திரும்பும்வரை பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்வதற்காகக் கொடுக்கப்படுவது.

முதலில் சான்றைப் பார்ப்போம். 1995/96 ஆய்வு வடக்கையும் கிழக்கையும் முற்றாக விட்டுவிட்டே நடந்தது. 2006/07 ஆய்வு கிழக்கை எட்டியபோதும் வட மாகாணத்தோடு திருகோணமலை மாவட்டத்தையும் விலக்கியது. மாவிலாற்று அணைக்கட்டோடு போர் மீண்டும் வெடித்து, மூதூரும் ஈச்சிலம்பற்றும் இடம்பெயர்ந்து கிடந்த காலம் அது. திருகோணமலை 2009/10 சுற்றில்தான் கணக்குக்குள் வந்தது. இருபத்தைந்து மாவட்டங்களும் முழுமையாகச் சேர்ந்த முதற்சுற்று 2012/13. ஆக, ரியூசன் பெருக்கத்தின் புகழ்பெற்ற அந்தப் பாய்ச்சல் தொடங்கும் புள்ளியிலும் முடியும் புள்ளியிலும் திருகோணமலை இல்லை. கொழும்பிலும் கம்பகாவிலும் கண்டியிலும் திரட்டிய எண்ணுக்குச் சொன்ன காரணத்தை, அந்த எண்ணில் இடம்பெறாத மாவட்டத்துக்கும் நாம் ஒரு தலைமுறையாக ஒப்புவித்து வந்திருக்கிறோம். இது மாதிரியெடுப்பில் நேர்ந்த சிறு குறை, பின்வந்த சுற்றுகள் அதை நிரப்பிவிட்டன என்பார்கள். நிரம்பியது எண் மட்டும்தான். காரணம் பழையதாகவே இருக்கிறது. மாவட்டம் உள்ளே வந்த பிறகு அதை யாரும் மீளச் சோதிக்கவில்லை.

மாவட்டம் உள்ளே வந்த பிறகும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. உணவல்லாத செலவுகளில் கல்விக்கான பகுதியில் ரியூசன் ஒரு தனி வரி. வெளியாகும் அட்டவணைகளில் அந்த வரி ஒரே தொகையாகவே நிற்கிறது. உயர்தர இரசாயனவியல் வகுப்புக்குக் கொடுத்ததும், தரம் இரண்டுப் பிள்ளை நாலரை மணிவரை ஒரு வீட்டு விறாந்தையில் இருப்பதற்குக் கொடுத்ததும் அங்கே ஒன்றுதான். எந்தத் தரத்துப் பிள்ளை, வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எப்போது முடிகிறது, வீட்டில் அப்போது யார் இருக்கிறார்கள் என்ற விபரங்களை அந்த அட்டவணைகளிலிருந்து எடுக்க முடியாது. என் வாசிப்பு முழுவதும் இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் நிற்கிறது. அதைப் பிரிக்கும் வழியைக் கடிகாரத்தில் தேடுகிறேன்.

அரசுப் பாடசாலை காலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு விடுகிறது. சின்ன வகுப்புகள் அதற்கும் முன்பே விட்டுவிடும். அரச கந்தோர் 8.30 முதல் 4.15 வரை. கடைகளுக்கும் தனியார் அலுவலகங்களுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம் என்று வரையறுக்கிறது. சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால், ஒன்பது மணிக்குக் கடைக்குள் நுழையும் பெண் ஆறு மணிக்குத்தான் வெளியே வருவாள். தம்பலகாமத்திலிருந்து திருகோணமலை நகருக்குப் போகிறவள் பாலம்போட்டாறு, கப்பல்துறை கடந்து போகும் பஸ்ஸின் நேரத்தையும் இதோடு கூட்ட வேண்டும். காலையில் பாடசாலைக் கதவு திறக்குமுன் அவள் பஸ்ஸில் இருப்பாள். பின்னேரம் பிள்ளை வெளியே வந்து மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்தே வீடு சேருவாள். இந்த இடைவெளியில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பரீட்சையை மட்டும் பார்க்கும் ஆய்வுக்கு இந்தக் கேள்வி எழுவதற்கே இடமில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு இத்தகைய வகுப்பு நடக்கும் ஒரு வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். பாய் விரித்திருக்கும். பிள்ளைகள் சீருடையைக் கழற்றி வீட்டுச் சட்டை மாற்றிக்கொள்வார்கள். அந்தச் சட்டை காலையிலேயே புத்தகப் பையோடு வந்தது. காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிடுவார்கள். மூன்று மணிக்கு வாய்ப்பாடு, தமிழ் வாசிப்பு, பாடசாலையில் கொடுத்த வீட்டுவேலை. அதற்குள் ஒன்றிரண்டு தூங்கிவிடும், ரீச்சர் எழுப்புவதில்லை. ரீச்சர் பெரும்பாலும் உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கோ நியமனத்துக்கோ காத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததாகச் சொல்லப்படும். ஆனால் பிள்ளைகள் போவதில்லை. "அம்மா வந்தாப் போகலாம்" என்பதுதான் விதி. கடைசிப் பிள்ளையின் தாய் ஐந்தேமுக்காலுக்கு வந்தால் ரீச்சரின் நாளும் அப்போதுதான் முடியும். பாடம் ஒரு மணி நேரம், காவல் மூன்று மணி நேரம். மாதக் காசு எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று தீர்மானிக்க இதற்கு மேல் பெரிய முறையியல் தேவைப்படுவதாக எனக்குத் தோன்றவில்லை.

புலமைப்பரிசில் வகுப்பை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலங்கும். அங்கே ஆசிரியரின் பெயர்தான் விலை. வெளியூரிலிருந்து வரும் பெயர்பெற்ற ஆசிரியருக்காகப் பெற்றோர் பிள்ளையைத் தூரத்துக்கும் கொண்டுபோவார்கள். வகுப்பு சனி ஞாயிறில் நடக்கும், மாதிரி வினாத்தாள் நடக்கும், வகுப்பு முடிந்த கையோடு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கீழ்வகுப்பில் தாய் கேட்கும் கேள்விகள் வேறு. பாடசாலையிலிருந்து பிள்ளை நடந்து வரக்கூடிய வீடா? வளவுக்குள் ஆம்பிளைகள் யார் இருக்கிறார்கள்? கிணறு மூடியிருக்கிறதா? விடுமுறைக் காலத்திலும் காலையிலிருந்து வைத்துக்கொள்வாயா? இந்தக் கடைசிக் கேள்வி என் வாதத்துக்கு முக்கியமானது. தம்பலகாமத்தில் தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் ஒரே நாட்காட்டியில் இயங்குவதில்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகள் மூடப்படும். கந்தோரும் கடையும் மூடப்படா. படிப்புக்காகத்தான் வகுப்பு என்றால் பாடசாலை இல்லாத மாதத்தில் தேவை தணிய வேண்டும். வேலை செய்யும் தாய்க்கு அந்த மாதத்தில்தான் தேவை கூடுகிறது.

செலவு கல்வி வரியோடும் நிற்பதில்லை. பாடசாலையிலிருந்து வகுப்புக்குக் கொண்டுபோய் விடும் ஓட்டோவின் மாதக் கூலி போக்குவரத்துக் கணக்கில் ஏறும். காலையில் ஆறரைக்குப் பிள்ளையைப் பொறுப்பேற்று ஏழுமணிக்குப் பாடசாலைக்கு அனுப்பிவிடும் பக்கத்து வீட்டு அன்ரிக்குக் கொடுக்கும் அரிசியும் பெருநாள் சேலையும் அன்பளிப்பில் ஏறும், இல்லையென்றால் எங்கேயும் ஏறாது. ஒரே தேவைக்காகக் கொடுத்த பணம் மூன்று தலைப்புகளில் சிதறிவிடுகிறது. பிள்ளைப் பராமரிப்பு என்ற தலைப்பில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு, கிழக்கில் பிள்ளை பார்ப்பதற்குக் காசு செலவாவதில்லை, உறவினர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறோம்.

உறவினர் பற்றிய வாதம் வலுவில்லாததன்று. கிழக்குக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மணமானபின் பெண்வீட்டில் குடியிருப்பதே வழக்கம். மகளுக்குக் கொடுத்த வீட்டுக்கு அருகிலேயே தாயும் இருப்பாள். ஆதலால் அம்மம்மா இருக்கும் வளவில் பராமரிப்புச் சிக்கல் எழாது என்பார்கள். வீடுகள் அப்படியே இருந்த காலத்துக்கு இது பொருந்தியிருக்கலாம். போரும் இடப்பெயர்வும் சுனாமியும் அந்த வளவுகளைக் கலைத்துப் போட்டன. கலையாத வளவிலும், தரம் ஒன்றுப் பிள்ளையின் அம்மம்மா இன்று பெரும்பாலும் ஐம்பதுகளில் இருப்பவள். அவளும் உழைக்கிறாள், அல்லது மத்திய கிழக்கில் இருக்கிறாள், அல்லது சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போய்வருகிறாள். அம்மம்மா பார்ப்பதும் செலவில்லாமல் நடப்பதில்லை. அது பேத்தியின் தாய் வாங்கிக் கொடுக்கும் மருந்தாகவும் பால்மாவாகவும் திரும்பிப் போகிறது.

தாய்மாரே "படிக்கத்தான் விடுறன்" என்று சொல்கிறார்களே என்ற ஆட்சேபம் இதைவிட எளிது. பிள்ளையைக் காசுக்குப் பிறத்தியாரிடம் விட்டுவிட்டு உழைக்கப் போகிறேன் என்று புள்ளிவிபர உத்தியோகத்தரிடம், அதுவும் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது, எந்தத் தாயும் சொல்லமாட்டாள். புலமைப்பரிசிலுக்கு முதலாம் தரத்திலேயே ஆயத்தம் தொடங்கிவிடுகிறார்கள் என்ற வாதம், பாயில் தூங்கும் பிள்ளைக்கு முன்னால் நிற்காது.

இந்த மறைவுக்குச் சட்டமும் துணைபோயிருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், குறித்த எண்ணிக்கைக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்திருக்கும் தொழில்தருநர் பிள்ளைக் காப்பகம் நடத்த வேண்டும் என்கிறது. அது ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. வெளிநாட்டு வீட்டுப் பணிக்குப் போகும் பெண்களுக்கு 2013இல் கட்டாயமாக்கப்பட்ட குடும்பப் பின்னணி அறிக்கையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை உள்ள தாயைத்தான் தடுத்து நிறுத்தியது. அந்தக் கட்டுப்பாடு பின்னர், 2022இல், தளர்ந்தது. ஆனால் கோடு அங்கேதான் கீறப்பட்டது. ஐந்து வயது முடிந்தால் பிள்ளை தரம் ஒன்றுக்குப் போகும். அதோடு பராமரிப்பு பாடசாலையின் பொறுப்பு என்று இரண்டு ஏற்பாடுகளும் எண்ணிக்கொள்கின்றன. பாடசாலையோ 1.30க்குக் கதவைத் திறந்து விடுகிறது. ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட வயது யாருடைய கணக்கிலும் இல்லை.

2025இல் முன்வைக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தம் பாடசாலை நேரத்தைப் பிற்பகல் இரண்டு மணிவரை நீட்ட யோசனை சொன்னபோது எழுந்த விவாதம் இதை நன்றாகக் காட்டிற்று. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. அவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருந்தன. ஆசிரியரின் வேலைநேரமும் பாடவேளையின் நீளமும் அலசப்பட்டன. வேலைக்குப் போகும் தாய் அந்த விவாதத்தில் ஓரத்தில்கூட இல்லை. கீழ்வகுப்பு ரியூசனைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அவ்வப்போது எழும் குரல்களும் இப்படித்தான்; பிள்ளைக்கு ஓய்வு வேண்டும் என்பார்கள், ஓய்வெடுக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்று சொல்லமாட்டார்கள். வேறு இடங்களில் இது அரசின் கேள்வியாகிவிட்டது. ஜெர்மனியில் 2021இல் நிறைவேறிய சட்டம் 2026 ஆகஸ்ட் முதல் முதலாம் வகுப்பிலிருந்து படிப்படியாக, வேலைநாளில் எட்டு மணிநேரப் பராமரிப்பை ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் உரிமையாக்குகிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டெம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊட்டச்சத்துத் திட்டமாகவே பேசப்படுகிறது. ஆனால் பாடவேளைக்கு முன்பே பிள்ளையைப் பள்ளிக்குள் வரவைத்து, வேலைக்கு விரையும் தாயின் காலை நேரச் சுமையில் ஒரு பகுதியை அது இறக்கிவைக்கிறது.

தம்பலகாமத்தில் இந்தச் செலவைத் தாங்கக்கூடியவள் யார்? ஆசிரியை, தாதி, கந்தோரில் எழுதுநர். பெரும்பாலும் மாதச் சம்பளம் நிலையாக வருபவர்கள். தேசிய ஆகக் குறைந்த சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. அந்த மட்டத்தில் கடையில் நிற்கும் பெண்ணுக்கு இரண்டு பிள்ளைகளின் வகுப்புக் காசு, ஓட்டோக் கூலி, தன் பஸ் காசு ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதைப் பார்த்து வேலையை விட்டுவிடுவது கணக்குத் தெரிந்தவள் எடுக்கும் முடிவு. கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் வயல்களில் கூலிக்குப் போனவளுக்கு அறுவடை வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டுவிட்டது. மிஞ்சிய வழி நகரத்து வேலைதான், அது அவள் பிள்ளையின் நேரத்தோடு ஒத்துவராது. தொழிற்படை ஆய்வில் இந்தப் பெண் "வீட்டு வேலைகளில் ஈடுபட்டிருப்பவர்" என்று பதியப்படுகிறாள். நாட்டில் ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் அளவில் தொழிற்படையில் இருக்கப் பெண்களில் மூன்றில் ஒருவர் அளவிலேயே இருப்பதற்குப் பண்பாட்டைக் காரணம் சொல்வோர், கிழக்கு என்றதும் அந்தக் காரணத்தை இரண்டு மடங்காக்குவார்கள். பண்பாட்டுக்கு முன் மாதக் காசைக் கேட்டிருக்கலாம்.

இது ஒரு பிரதேசத்தை வைத்துச் செய்த வாசிப்பு. எத்தனை வீதம் என்று சொல்லும் தகுதி இதற்கில்லை. அந்த வீதத்தை எடுக்க வீட்டு வருமான செலவின ஆய்வின் ரியூசன் வரிக்குப் பக்கத்தில் இரண்டு விபரங்கள் போதும்: பிள்ளையின் தரம், பிள்ளை அங்கிருந்து வீட்டுக்குப் புறப்படும் நேரம். அவை கேட்கப்படும்வரை, தரம் ஐந்துக்குக் கீழான ரியூசன் செலவைப் பரீட்சைப் போட்டிக்குச் சான்றாக வைக்கும் அட்டவணை எதையும் திருகோணமலை மாவட்டத்துக்குப் பொருத்துவது ஏற்கத்தக்கதன்று.