டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்: வயர் இணைப்பு

வட அமெரிக்கப் பிக்கப் வண்டிகளில், பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லரின் மின்பிரேக்குகளுக்கு எவ்வளவு மின்சாரம் போகவேண்டும் என்பதை ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்திலிருந்து தீர்மானிக்கும் கருவி. வழக்கமாக இதற்கு நான்கு வயர்கள்: கறுப்பு பாட்டரியின் நேர்முனைக்கு, வெள்ளை எர்த்துக்கு, சிவப்பு பிரேக் விளக்கின் சுவிட்சுக்கு, நீலம் டிரெய்லர் பிளக்குக்கு. நிறம் பார்த்து இணைத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் மிகுந்த கவனம் வேண்டுவது வெள்ளை வயருக்கே. ஒரு சக்கரத்தின் மின்காந்தம் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். இரட்டை அச்சு டிரெய்லரின் நான்கு சக்கரங்களுக்கு 12 ஆம்பியர். எர்த்தில் துருப்பிடித்த ஓர் இணைப்பு 0.2 ஓம் தடை தந்தாலே சுமார் 2 வோல்ட் அங்கேயே வீணாகும். காந்தத்தின் பிடி தளரும்.

சேசிஸ் முழுவதும் இரும்புதானே, எங்கே முடுக்கினால் என்ன என்று கேட்கலாம். பெயின்ட்டும் துருவும் மின்சாரத்தை மறிக்கும். சிறு விளக்கு எரிய அந்த எர்த் போதும் என்பதால், விளக்கு எரிவது பிரேக்குக்குச் சான்றாகாது. வெள்ளை வயரை நேரே பாட்டரியின் எதிர்முனைக்குக் கொண்டுபோவதே சரி. டாஷ்போர்டுக்கு அடியில் தயார் பிளக் உள்ள வண்டிகளில் இந்தக் கவலை இல்லை எனலாம். அது வண்டிப் பக்கத்துக்கு மட்டுமே பொருந்தும். டிரெய்லரின் எர்த் ஏழு முனைப் பிளக் வழியாகவே திரும்பவேண்டும். இழுவைப் பந்தில் உலோகம் உரசுவதை நம்பினால், வண்டி குலுங்கும்போது பிரேக் விட்டுவிட்டுப் பிடிக்கும்.